செல்ஃப் அடிக்குது, கரண்ட் வரல: பழைய கார் கற்றுத்தரும் தொழில்

செல்ஃப் அடிக்கிறது. என்ஜின் சுற்றுகிறது. ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரண்ட் இல்லை. பட்டறைக்கு வரும் பழைய பெட்ரோல் கார்களில் இது அன்றாடப் புகார். தப்பாகக் கையாளப்படுவதும் இதுதான். முதலில் காயிலை மாற்றுகிறார்கள். அது சரிப்படவில்லை என்றால் கண்டன்சர், அப்புறம் பிளக் செட், அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் கேப். ஏதோ ஒரு கட்டத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. எதனால் ஆனது என்று மாற்றியவருக்கே தெரியாது. அடுத்த வாரம் அதே வண்டி கயிறு கட்டி இழுத்து வரப்படும்போது கடைக்காரர் பேரும் கூடவே போகிறது.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஐ.டி.ஐ. முடித்துவிட்டோ, நேராகப் பட்டறையில் சேர்ந்தோ தொழில் பழகும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். பாகம் மாற்றத் தெரிந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். கரண்ட் எந்த இடத்தில் நின்றுபோனது என்று விரல் வைத்துச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. நமக்கு வேண்டியது இரண்டாவது ஆளாக ஆவது.

நம் ஊரில் இதற்கு ஏன் ஆள் இல்லை?

அரியலூரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலையும்தான். அரசு சிமென்ட் ஆலையே 1979 முதல் ஓடுகிறது. தனியார் ஆலைகள் ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர் என்று வரிசையாக இருக்கின்றன. இவற்றுக்கு ஓடும் டிப்பர், பல்கர் எல்லாம் டீசல். அரசுப் பேருந்து டீசல். வயலில் டிராக்டர் டீசல். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டிலேயே எண்ணெய் எரிந்துவிடும். ஆகவே இங்கே கனரக வண்டிப் பட்டறையில் கை பழகியவர், நாசிலும் பம்பும் தூக்கத்தில்கூடக் கழற்றுவார், பெட்ரோல் காரின் இக்னிஷனைக் கண்டால் "எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டுங்கண்ணே" என்று சொல்லிவிடுவார். ஆட்டோ எலக்ட்ரீஷியன் வயரைப் பார்த்துவிட்டு, "வயரிங் ஓகே, டைமிங் போயிருக்கும், மெக்கானிக்கிட்ட போங்க" என்பார். இந்த இரண்டு கடைகளுக்கு நடுவில் ஒரு காரோட்டி ஒரு நாள் முழுக்க அலைகிறார். அந்த இடைவெளிதான் உங்களுக்கான இடம்.

வண்டிகளுக்கும் பஞ்சமில்லை. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது, அம்பாசிடர் அதே ஆண்டு மே மாதத்தில். இன்னும் வேப்பந்தட்டையிலும் செந்துறையிலும் ஆண்டிமடத்திலும் கொட்டகைக்குள் 800-ம் ஆம்னியும் நிற்கின்றன. பெரம்பலூர் நகருக்கு ரயிலும் கிடையாது. ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ குடும்பத்தோடு கிளம்பினால் சாலைதான். 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அதையும் கட்டி வண்டியை வைத்திருப்பவர் அதன்மேல் பிரியம் உள்ளவர். நேர்மையாக வேலை செய்பவர் கிடைத்தால் ஊர் விட்டு ஊர் வருவார்.

கரண்ட் எப்படிப் பிறக்கிறது

அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1910-ஐ ஒட்டி வடிவமைத்த முறைதான் அம்பாசிடரிலும் பத்மினியிலும் பழைய 800-லும் இருப்பது. பேட்டரியின் 12 வோல்ட் சாவி வழியாகக் காயிலின் பிளஸ்ஸுக்குப் போகிறது. உள்ளே தடித்த கம்பிச் சுருளைச் சுற்றி மைனஸ் வழியாக வெளியே வந்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சி.பி. பாயிண்ட் வழியாக பாடியில் எர்த் ஆகிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் காந்தம் நிறைகிறது. கேம் திரும்பி பாயிண்ட்டைத் திறக்கும் அந்தக் கணத்தில் காந்தம் சரிந்து, மெல்லிய கம்பிச் சுருளில் பல ஆயிரம் வோல்ட் எழும்புகிறது. அது நடு வயர் வழியாகக் கேப்புக்கு வந்து, ரோட்டர் வழியாக எந்த சிலிண்டரின் முறையோ அந்தப் பிளக்குக்குப் போகிறது. கண்டன்சரின் வேலை, பாயிண்ட் திறக்கும் இடத்தில் பொறி தின்றுவிடாமல் அந்தச் சரிவைச் சட்டென்று நிகழவைப்பது.

இதில் இரண்டு பாதி இருக்கிறது. சாவியிலிருந்து பாயிண்ட் வரை 12 வோல்ட் பாதி. காயிலிலிருந்து பிளக் வரை உயர் வோல்ட் பாதி. கோளாறு எந்தப் பாதியில் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சோதனையின் குறியெல்லாம் அதுதான்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்

வண்டிக்காரரைப் பேசவிடுங்கள். "ஓடிட்டு இருக்கறப்பவே பட்டுனு நின்னுச்சா, இல்ல காலைல எடுக்கறப்ப ஸ்டார்ட் ஆகலையா?" என்ற ஒரு கேள்வியே பாதையைக் காட்டும். ஓடும்போது திடீரென்று நின்றது என்றால் வயர், காயில், பாயிண்ட், டைமிங் பெல்ட் பக்கம் மனசு போக வேண்டும். பல மாதம் நின்ற வண்டி என்றால் எலியும் ஈரமும். "போன வாரம் யாராவது கை வச்சாங்களா?" என்று கட்டாயம் கேளுங்கள். கேஸ் கிட் மாட்டிய ஆம்னியா, திருட்டுத் தடுப்புக்கு டேஷ்போர்டுக்குக் கீழே ரகசிய சுவிட்ச் வைத்த அம்பாசிடரா என்பதும் தெரிய வேண்டும். கேஸ் கிட்காரர்கள் காயிலின் பிளஸ் வயரில்தான் பெரும்பாலும் இணைப்பு எடுப்பார்கள். டேப் சுற்றிய அந்த முறுக்கு தளர்ந்தால் கரண்ட் போச்சு. ரகசிய சுவிட்ச்சின் கதை இன்னும் மோசம்: வண்டியை வாங்கியவருக்கே அது இருப்பது தெரியாது. அம்பாசிடர் என்றால் டீசலா பெட்ரோலா என்று முதல் வார்த்தையிலேயே கேட்டுவிடுங்கள். ஏகப்பட்ட அம்பாசிடர்கள் டீசல்.

பிறகு பாதுகாப்பு. நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல். தோளில் துண்டு வேண்டாம். ஃபேன் பெல்ட் அதை இழுத்தால் கையும் கூடப் போகும். பெட்ரோல் வாடை அடித்தால் பொறி சோதனையை நிறுத்தி, கசிவைத் துடைத்து, காற்றாட விட்டபின் தொடருங்கள். பிளக் வயரைக் கையில் பிடித்துச் சோதிப்பது வீரம் அல்ல. எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் வயரை எங்கோ தொங்கவிட்டு செல்ஃப் அடித்தால், பாய வழியில்லாத வோல்ட் மாட்யூலையே பதம் பார்த்துவிடும். கிளிப் வைத்த ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை.

முதல் வெட்டு: நடு வயர்

எல்லாப் பிளக்கிலும் கரண்ட் இல்லையா, ஒன்றில் மட்டும் இல்லையா? ஒன்றில் மட்டும் என்றால் அந்தப் பிளக், அந்த வயர், கேப்பில் அந்த டெர்மினல். அதற்காகக் காயிலைக் குறை சொல்லக் கூடாது. எல்லாவற்றிலும் இல்லை என்றால் கேப்பின் நடுவில் வரும் வயரைக் கழற்றி, டெஸ்டரை அதில் மாட்டி எர்த் கொடுத்து செல்ஃப் அடியுங்கள். சட்சட்டென்று நீலப் பொறி வந்தால் காயிலும் 12 வோல்ட் பாதியும் சுகம். கோளாறு கேப், ரோட்டர், பிளக் வயரில். பொறியே இல்லையென்றால், அல்லது மெலிந்து மஞ்சளாக வந்தால், 12 வோல்ட் பாதிக்குப் போகலாம்.

கேப்பைக் கழற்றியதும் இன்னொரு காரியம் செய்யுங்கள். யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லி, ரோட்டர் சுற்றுகிறதா என்று பாருங்கள். மாருதி 800-ல் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது கேம்ஷாஃப்ட். கேம்ஷாஃப்ட்டைச் சுற்றுவது டைமிங் பெல்ட். ரோட்டர் அசையவில்லை என்றால் பெல்ட் அறுந்திருக்கிறது. இதைப் பார்க்காமல் காயில், கண்டன்சர், பாயிண்ட் என்று மாற்றிக்கொண்டே போனால் அன்றைக்குப் பொழுது போகும், வண்டி போகாது.

டெஸ்ட் லைட் சொல்லும் கதை

12 வோல்ட் பாதிக்கு ஒரு டெஸ்ட் லைட்டும் மல்டிமீட்டரும் போதும். முதலில் பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் காயிலுக்குப் போதாது. என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள எர்த் பட்டையையும் பாருங்கள். கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றியபின் அதை மாட்ட மறந்த வண்டிகளில் சோக் கேபிள் கைசுடும் அளவுக்குக் காயும். செல்ஃப் கரண்ட் அந்த வழியாகத் திரும்புவதுதான் காரணம்.

சாவியை ஆன் செய்து காயிலின் பிளஸ்ஸில் லைட் வைத்துப் பாருங்கள். எரியவில்லையென்றால் சாவி சுவிட்ச், ஃபியூஸ், வயர், மேலே சொன்ன கேஸ் கிட் முறுக்கு, ரகசிய சுவிட்ச். சாவி ஆன் நிலையில் எரிந்து, செல்ஃப் அடிக்கும்போது மட்டும் அணைந்தால் சாவி சுவிட்ச் தேய்ந்துவிட்டது. பாலாஸ்ட் ரெசிஸ்டர் வைத்த காயில் என்றால் பாயிண்ட் மூடியிருக்கும்போது அங்கே 6 முதல் 8 வோல்ட்தான் காட்டும். அது கோளாறு இல்லை. அத்தகைய வண்டியில், செல்ஃப் அடிக்கும்போது என்ஜின் பிடித்து, சாவியை விட்டதும் செத்துப்போனால் ரெசிஸ்டர் அறுந்திருக்கிறது.

பிளஸ்ஸில் கரண்ட் இருக்கிறது. இப்போது லைட்டை மைனஸுக்கு மாற்றி செல்ஃப் அடியுங்கள். லைட் விட்டுவிட்டு மின்னினால் பாயிண்ட் வேலை செய்கிறது. சந்தேகம் காயிலின் உயர் வோல்ட் சுருள்மீதும் கண்டன்சர்மீதும். அணையாமல் நின்று எரிந்தால் பாயிண்ட் மூடவே இல்லை, அல்லது மூடியும் தொடவில்லை. எரியவே இல்லையென்றால் மைனஸிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். இப்போது எரிந்தால் காயில் நலம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எங்கோ எர்த் ஆகிக் கிடக்கிறது. இப்போதும் எரியவில்லையென்றால் காயிலின் உள்சுருள் அறுந்தது. சாவியை அணைத்து, வயர்களைக் கழற்றி மீட்டரில் ஓம் பாருங்கள்: ரெசிஸ்டர் இல்லாத காயில் பிளஸ்–மைனஸுக்கு நடுவே 3 ஓம் அளவில் இருக்கும், ரெசிஸ்டர் வைத்தது அதில் பாதி.

இந்த ஒரு லைட்டை வைத்து மூன்று நான்கு நிமிடத்தில் ஐந்து பாகங்களை விடுவிக்கலாம். பாகத்தை மாற்றிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர் அதே நேரத்தில் ஸ்பேர் கடைக்குப் பையனை அனுப்பியிருப்பார்.

பாயிண்ட்டுக்குள் குனிந்து பாருங்கள்

பாயிண்ட்டை அவசரமாக மாற்ற வேண்டாம். டார்ச் அடித்து, ஒரு ஸ்க்ரூடிரைவரால் மெல்ல விரித்து இரண்டு முகங்களையும் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தால் சரி. நீலம் பாரித்து, ஒரு முகத்தில் குழியும் எதிர்முகத்தில் மேடுமாக இருந்தால் கண்டன்சரைச் சந்தேகியுங்கள். அதை விட்டுவிட்டு பாயிண்ட்டை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரமே கருகும். முகத்தில் எண்ணெய்ப் படலம் இருந்தால் கேமுக்கு கிரீஸ் அள்ளிப் பூசியிருக்கிறார்கள். மெல்லிய எமரி ஒரு இழுப்பு, பிறகு சுத்தமான காகிதம் ஒரு இழுப்பு. எமரித் துகள் நடுவில் நின்றால் அதுவே கரண்ட்டைத் தடுக்கும்.

பாயிண்ட்டின் ஃபைபர் கால் கேம் மேட்டின் உச்சியில் நிற்கும்போதுதான் இடைவெளியை அளக்க வேண்டும். அம்பாசிடருக்கு 0.35 முதல் 0.40 மி.மீ. ஃபைபர் கால் தேயத் தேய இடைவெளி சுருங்கி, ஒருநாள் பாயிண்ட் திறக்காமலே போய்விடும். நேற்று வரை ஓடிய வண்டி இன்று நிற்பதற்கு இது சாதாரணக் காரணம்.

கண்ணுக்குத் தெரியாத திருடன் ஒருவன் உண்டு: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட்டுக்கு வரும் அந்தச் சின்ன வயர். வேக்யூம் அட்வான்ஸ் தட்டு முன்னும் பின்னும் ஆடும்போதெல்லாம் இதுவும் வளைகிறது. உறை முழுசாக இருக்கும், உள்ளே கம்பி அறுந்திருக்கும். நின்ற இடத்தில் தொடர்பு காட்டும், ஓடும்போது விடும். மீட்டரை மாட்டிக்கொண்டே வயரை விரலால் அசைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

பிந்தைய கார்பரேட்டர் 800-களில் பாயிண்ட்டுக்குப் பதில் பிக்-அப் காயிலும் இக்னைட்டரும் இருக்கும். மைனஸில் லைட் மின்னுகிறதா என்ற கேள்வி இங்கேயும் அதேதான். மின்னவில்லை என்றால் பிக்-அப்பின் ஓமை மேனுவல் அளவோடு ஒப்பிடுங்கள், சூட்டில் காய்ந்து நொறுங்கும் அதன் வயர்களைப் பாருங்கள், இக்னைட்டருக்கு எர்த் இருக்கிறதா பாருங்கள். இக்னைட்டரைக் கடைசியில்தான் குற்றவாளி ஆக்க வேண்டும். அதுதான் விலை கூடியது.

தூசியும் பனியும் வெயிலும்

உயர் வோல்ட் பாதியில் நம் மண்ணுக்கே உரிய கோளாறுகள் உண்டு. சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் சாலையில் தினமும் போகும் காரின் கேப்பைக் கழற்றினால் உள்ளே மாவு பூசியதுபோல் இருக்கும். காய்ந்த நாளில் தொந்தரவில்லை. ஐப்பசி மழையிலோ மார்கழிப் பனியிலோ அது ஈரத்தை உறிஞ்சும். கரண்ட் பிளக்குக்குப் போகாமல் கேப்பின் மேலேயே வழி கண்டுபிடித்து ஓடும். ஓடிய தடம் பென்சிலால் கிறுக்கியதுபோல் மயிரிழைக் கறுப்புக் கோடாகத் தெரியும். துடைத்தால் ஈரம் போகும், கோடு போகாது. கோடு விழுந்த கேப்பை மாற்றியே ஆக வேண்டும்.

கேப்பின் நடுவிலுள்ள கார்பன் குச்சி தேய்ந்திருக்கிறதா, ஸ்பிரிங்கோடு துள்ளுகிறதா பாருங்கள். ரோட்டர் பார்வைக்கு நன்றாக இருந்தும் நடுவில் ஓட்டை விழுந்து ஷாஃப்ட்டுக்கு எர்த் ஆகலாம். காப்பிட்ட பிடியால் நடு வயரை ரோட்டரின் உலோகப் பட்டைக்கு மேலே சில மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்து செல்ஃப் அடியுங்கள். பொறி பாய்ந்தால் ரோட்டர் உள்ளே தின்கிறது.

சித்திரை வெயிலில் வேறொரு புகார் வரும்: "சூடானா நிக்குது, அரை மணி கழிச்சு தானா ஸ்டார்ட் ஆகுது." காயில் சூட்டில் விடுகிறதா, பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைக்கிறதா? இரண்டுக்கும் அறிகுறி ஒன்றேதான். வண்டி பட்டறைக்கு வருவதற்குள் ஆறிவிடும், எல்லாம் சரியாக இருக்கும். வழி ஒன்றுதான்: டெஸ்டரோடு வண்டியில் ஏறி ஓட்டிப்போய், நின்ற அந்த இடத்திலேயே, ஆறுவதற்குள் பொறி பாருங்கள். அதற்கான நேரத்துக்குக் கூலி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கூலி, குறிப்பு, படிப்பு

நம் பட்டறைகளில் மாற்றிய பாகத்துக்குக் காசு கிடைக்கிறது, கண்டுபிடித்த மூளைக்குக் கிடைப்பதில்லை. கழன்ற ஒரு வயரைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தால் "சும்மா வயர்தானே" என்று கையில் எதையோ திணித்துவிட்டுப் போகிறார்கள். இதனால்தான் பலர் தேவையில்லாத காயிலை மாற்றிக் காட்டுகிறார்கள். இந்தப் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே உடையுங்கள். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, செக் பண்ண இவ்வளவு. என்ன கோளாறுன்னு காட்டிருவேன். மாத்தறதா வேணாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க." சொன்ன தொகையில் நில்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் காகிதத்தில் சுற்றி அவர் கையிலேயே கொடுங்கள். பெரம்பலூர் நாலு ரோட்டிலிருந்து அரியலூர் போவதற்குள் அந்தப் பேர் உங்களை முந்திக்கொண்டு போய்ச் சேரும்.

ஒரு நோட்டு வையுங்கள். வண்டி, புகார், எடுத்த வோல்ட், கண்ட கோளாறு, மாற்றியது. கொஞ்ச காலத்தில் உங்கள் பகுதி வண்டிகளுக்கென்றே ஒரு மேனுவல் உங்களிடம் இருக்கும். புதிய பாகத்தையும் நம்பிவிடாதீர்கள். டப்பாவிலிருந்து எடுத்த கண்டன்சரே செத்திருப்பது உண்டு. நன்றாக வேலை செய்யும் பழைய காயில், கண்டன்சர் ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே டூல் பெட்டியில் வைத்திருங்கள்.

முறையாகப் படிக்க விரும்பினால் ஐ.டி.ஐ.யில் மோட்டார் வண்டி மெக்கானிக் பிரிவு: பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும், இரண்டு ஆண்டு. எந்த அரசு நிலையத்தில் அந்தப் பிரிவு இருக்கிறது என்று சேர்க்கையின்போது கேட்டுக்கொள்ளுங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு, மாணவியர் என்றால் புதுமைப் பெண், மாணவர் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். இந்தத் தொழிலுக்குப் பெண்கள் வரத் தயங்க வேண்டியதே இல்லை. இக்னிஷன் வேலைக்கு வேண்டியது தோள்பலம் அல்ல. பொறுமையும் கூர்மையான கண்ணும். அப்ரெண்டிஸாக அரசுப் போக்குவரத்துக் கழகத்திலோ ஆலையின் வாகனப் பிரிவிலோ இடம் கிடைத்தால் விடாதீர்கள். அது டீசல் உலகம் என்பதால், விடுமுறை நாளில் ஏதாவது ஒரு பெட்ரோல் கார் பட்டறையிலும் கை வையுங்கள்.

இந்தப் பழக்கம் புதிய வண்டிகளுக்கும் உதவும். 2000-க்குப் பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் பாயிண்ட் இல்லை, போகப்போக டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை. காயிலின் காந்தம் எப்போது சரிய வேண்டும் என்பதை வண்டியின் கணினியான இ.சி.எம். முடிவு செய்கிறது. அங்கே கரண்ட் இல்லாத வண்டி வந்தால் முதலில் டேஷ்போர்டில் இம்மொபிலைசர் விளக்கைப் பாருங்கள். பிறகு ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் சென்சார் சுற்றலைப் பார்க்கவில்லை: கிராங்க் சென்சார், அதன் வயர், அதன் இடைவெளி. எண் வருகிறது, காயிலுக்கு 12 வோல்ட் வருகிறது, ஆனால் பொறி இல்லை என்றால் காயிலும் அதற்கு வரும் சிக்னல் வயரும். அம்பாசிடரில் டெஸ்ட் லைட்டால் செய்த அதே இரண்டாக வெட்டும் வேலைதான் இது.